மயிலிட்டி சா. வீடு

அந்தக் கசெற்றின் முதுகில் நான் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தது இவ்வளவுதான்: மயிலிட்டி சா. வீடு. பெயர் இல்லை, திகதி இல்லை. ஒரு புள்ளியை நம்பி எழுதிய எழுத்து. என்னைப்போலச் சோம்பேறிகள் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இரண்டு பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்போது எங்கள் தொழிலில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். முதலில் ஊர், பிறகு எந்த வீடு என்பது. எங்கள் பக்கத்தில் நன்மை தின்மை எல்லாமே வீடுதானே. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் நடத்துகிற சடங்கைச் சாமத்திய வீடு என்று முழுதாக எழுத அந்தச் சின்ன லேபலில் இடம் காணாது. க. வீடு, சா. வீடு என்று சுருக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

எண்பத்தைந்தாம் ஆண்டளவில் மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் ஓர் அறையை எடுத்து, ஒரு கமரா, இரண்டு வீடியோ டெக், ஒரு ரீவி வைத்து, வீடியோக் கடை என்று பலகை மாட்டியவன் நான். அப்போது கறண்ட் இருந்தது. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அனுப்பவென்று சனம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தது. வீட்டுக்காரருக்கு ஒரு கொப்பி கொடுப்போம். மூலக் கசெற்றின் ஓரத்தில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் பல்லை உடைத்துவிட்டு அலுமாரியில் அடுக்குவோம். அந்தப் பல் உடைந்தால் அதன்மேல் திரும்பப் பதிய முடியாது. படம் பத்திரம்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கறண்ட் நின்றது. புதுக் கசெற் வருவதும் நின்றது. கலியாணம் மட்டும் நிற்கவில்லை. அப்போது நாங்கள் ஒரு கெட்ட வித்தை பழகினோம். பல் உடைந்த ஓட்டையில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். பழைய வீட்டின்மேல் புது வீடு பதியலாம். எதை முதலில் அழிப்பது? செத்த வீட்டைத்தான். வெளிநாட்டுக்குக் கொப்பி போய்ச் சேர்ந்த பிறகு செத்த வீட்டுக் கசெற்றை ஒருவரும் தேடி வருவதில்லை, வீட்டில் வைத்திருக்கவும் விரும்புவதில்லை.

தொண்ணூற்றிரண்டில் சுன்னாகத்தில் ஒரு கலியாணம் வந்தது. கையில் கசெற் இல்லை. அலுமாரியைத் திறந்தேன். மயிலிட்டி சா. வீடு. புள்ளி என் கண்ணில் படவில்லை. சாவீடு என்று வாசித்தேன். மயிலிட்டியில் ஒரு செத்த வீடும் நான் எடுத்தவன், அதுதான் என்று நினைத்தேன். போட்டுப் பார்த்திருக்கலாம். பார்ப்பதற்கு ஜெனரேற்றரை இயக்க வேண்டுமே, மண்ணெண்ணெய் வீண்தானே என்று என் கெட்டித்தன மூளை சொன்னது. பிளாஸ்ரரை வெட்டி ஒட்டிவிட்டு விசிலடித்தபடி சுன்னாகத்துக்குச் சைக்கிள் மிதித்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கடைக்கு வந்தாள்.

"அண்ணை, என்னைத் தெரியுதே? நாங்கள் மயிலிட்டி. எங்கடை மூத்தவளின்ரை சாமத்திய வீடு நீங்கள்தான் எடுத்தனீங்கள். ஹயர் ஓடுற சாம்பல் நிறக் கேம்பிரிட்ஜ் கார்க்காரற்றை மனுசி நான்."

எனக்கு ஆள் பிடிபடவில்லை, கார் உடனே பிடிபட்டது. வலிகாமத்தில் பாதி மாப்பிள்ளைகள் அந்த வாடகைக் காரில்தான் போய் இறங்கினார்கள். அப்படி மினுக்கி வைத்திருப்பார் அந்த மனிதர். இருக்கச் சொன்னேன். அவள் இருக்காமலே கதைத்தாள்.

"தொண்ணூறிலை ஊரை விட்டு ஓடி வரேக்கை அல்பம், உங்கடை கசெற், எல்லாம் வீட்டோடை விட்டிட்டு வந்தம். இப்ப இஞ்சை பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை சொந்தக்காரர் வளவிலை கொட்டில் போட்டு இருக்கிறம். அவர் காருக்குச் சாமான் எடுக்கவெண்டு கிளாலிக் கடலாலை தோணியிலை அங்காலை போனவர். போய் ஒண்டரை வருசம். வரேல்லை. ஒரு சேதியும் இல்லை. அடையாள அட்டையும் அவரோடை போயிட்டுது. என்னட்டை ஒரு படம் இல்லை, அண்ணை."

பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

"முந்திக் கண்ணை மூடினால் முகம் வரும். இப்ப கலங்கிக் கலங்கி வருது. மூக்கு வந்தால் வாய் வருதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. உங்களிட்டை மூலக் கசெற் இருக்குமெல்லே? ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. எனக்கு அந்த முகம் வேணும்."

எனக்குச் சுன்னாகத்துக் கலியாணம் நினைவுக்கு வந்தது. தேடி எடுக்க வேண்டும், அடுத்த கிழமை வாங்கோ தங்கச்சி என்றேன். அவள் போனதும் ஜெனரேற்றரை இயக்கிப் போட்டுப் பார்த்தேன். சுன்னாகத்து மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நின்று பல்லைக் காட்டினார். கடைசி அங்குலம்வரை ஓட்டினேன். மயிலிட்டியில் ஒரு துளி மிஞ்சவில்லை. என் தலையில் நானே இரண்டு குட்டுக் குட்டினேன், அதனால் யாருக்கு என்ன பயன்?

அடுத்த கிழமை வந்தாள், இன்னொரு பொய் சொன்னேன். அதற்கடுத்த கிழமையும் வந்தாள். அன்றைக்கு எனக்குப் பொய் வரவில்லை. லேபலைக் காட்டி உள்ளதைச் சொன்னேன்.

அவள் கசெற்றை வாங்கி அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாமத்திய வீட்டைச் சாவீடு எண்டு வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"போட்டுப் பாக்காமலே?"

"ஓம், தங்கச்சி."

எழும்பி வெளியே போனாள். போகட்டும், ஏசிவிட்டாவது போயிருக்கலாம் என்று நினைத்தபடி நான் தலையைக் குனிந்திருந்தேன். திரும்பி வந்து வாசலில் நின்றாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அவர் எத்தினை மாப்பிள்ளையளைக் கொண்டுபோய் இறக்கினவர்? நீங்கள் வீடியோக்காரர் எல்லாரும் மாப்பிள்ளைக் கார் வந்து நிக்கிறதைத்தானே முதல் எடுக்கிறனீங்கள்? அப்ப அவர் உங்கள் எல்லாற்றை கசெற்றிலையும் நிக்கோணும். தேடித் தாங்கோ. தாறன் எண்டு சொல்லுமட்டும் நான் இதிலையிருந்து அசையன்."

எட்டு வருடம் தொழில் செய்த எனக்கு அந்த யோசனை வரவில்லை. தாறன் என்றேன்.

முதலில் என் அலுமாரியைக் கிளறினேன். அந்தக் கார் வந்த கலியாணம் ஐந்து இருந்தது. ஐந்திலும் ஆரம்பம் ஒன்றுதான்: கார் வந்து நிற்கும், ஒரு கை கதவைத் திறக்கும், மாப்பிள்ளை இறங்குவார், நான் மாப்பிள்ளையோடு போய்விடுவேன். கை மட்டும் தெளிவாக இருந்தது. மடித்துவிட்ட சேட்டுக் கை, மணிக்கூடு, விரலில் ஒரு வெள்ளி மோதிரம். முகத்தைக் கேட்டவளுக்குக் கையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? மற்ற வீடியோக்காரரிடம் போகத்தான் வேண்டும்.

போவதாவது! நாங்கள் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள். ஒருவன் எடுத்ததை மற்றவன் பார்க்க விடமாட்டோம். லைற் ஒன்று இரவல் கேட்டால் பல்ப் எரிந்துபோய்விட்டது என்போம். எல்லோரிலும் மோசமான பகை எனக்கும் புத்தூர்க்காரருக்கும். நான் எடுத்தால் மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அவர் எடுத்தால் பொம்பிளை பச்சைத் தவளை நிறம் என்று நான் சொன்னேன். ஏழு வருடம் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. மருதனார்மடத்தில் சைக்கிள்கள் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடுவோம். எங்களால் அந்தக் கடவுளுக்குக் கிடைத்த கும்பிடு கொஞ்சநஞ்சமல்ல.

இருந்தாலும் ஜெனரேற்றர் நல்லபடி ஓடுவது அவரிடம்தான். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். புத்தூருக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டிலில் கார் பற்றறி ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். நெட்டையான ஒல்லி மனிதர், நூல் கட்டிய கண்ணாடி.

"என்ன, வழி தவறி வந்திட்டீரோ?"

"ஒரு கதை கதைக்க வேணும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பின்னேரத்துக்குள் வலிகாமம் முழுக்கச் சிரிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"சாவீடு எண்டோ வாசிச்சீர்?"

"ஓம்."

"கோதாரி," என்றார். ஆனால் சிரிக்கவில்லை. ஒரு வாங்கை இழுத்துப் போட்டார். "இரும். நானும் ஒண்டு அழிச்சனான். ஒரு கலியாணம். பூஞ்சணம் பிடிச்சுப் போச்செண்டு பொய் சொல்லிப்போட்டன். அந்தப் பிள்ளை இப்பவும் ரோட்டிலை கண்டால் சிரிக்குது. நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு போறன். அதுக்குப் பிறகு பழைய கசெற்றிலை நான் கை வைக்கிறேல்லை."

அந்த வருடங்களில் அவர் தன்னைத் தேடி வந்த கலியாணங்களையெல்லாம் கசெற் இல்லை என்று திருப்பி அனுப்பியது எனக்குத் தெரியும். திமிர் என்று நினைத்திருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கசெற்றோடை வரச் சொல்லுறன். நீர் உம்மடை டெக்கைக் கொண்டு வாரும்," என்றார்.

ஞாயிறு காலை எட்டுப் பேர் வந்தார்கள். கோண்டாவில், அச்சுவேலி, சுன்னாகம், சாவகச்சேரி என்று நாலா பக்கமும் இருந்து சைக்கிள் கரியரில் யூரியாப் பையும் பிஸ்கற் தகரமுமாகக் கசெற்றுகள். அவரவர் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்தபடி இருந்தார்கள். நான் எழும்பி, அழித்த கதையைத் திரும்பச் சொன்னேன். புத்தூர்க்காரர் தன்னுடையதைச் சொன்னார். பிறகு அச்சுவேலிக்காரர் தொண்டையைச் செருமினார். அவருக்குப் பின் சுன்னாகத்தார். ஒருவர் மிச்சமில்லை. எல்லாருடைய அலுமாரியிலும் ஓர் அழிந்த வீடு இருந்தது. நான் ஒருவன்தான் பாவி என்று கிழமைக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியவனுக்கு, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு ஜெனரேற்றரை இயக்கினோம். பெற்றோல் ஒரு துளி விட்டுக் கயிற்றை இழுத்தால், இருமி இருமி மண்ணெண்ணெயில் ஓடும். ஒவ்வொரு கசெற்றிலும் கார் வருகிற இடம் வரைக்கும் பார்த்தால் போதும் என்றுதான் தொடங்கினோம். ஆனால் முதலாவது கசெற்றிலேயே ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நாங்கள் ஒருவர் எடுத்ததை ஒருவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை! யோசித்துப் பாருங்கள், எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரே தொழில். தாலி கட்டும்போது நான் தாலியை எடுப்பேன், எல்லோரும் தாலியைத்தான் எடுப்பார்கள் என்று இருந்தேன். கோண்டாவில்காரர் அந்த நேரத்தில் பொம்பிளையின் தாயை எடுத்திருந்தார். கெட்டிமேளம் கேட்கிறது, தாலி தெரியவில்லை, அந்த அம்மாவின் வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாவகச்சேரியார் ஒரு மழைக் கலியாணத்தை எடுத்திருந்தார். பந்தல் ஒழுகுகிறது, சனம் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, தவில்காரர் மட்டும் தவிலுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைகிறார். அதை நாங்கள் மூன்று தரம் திருப்பிப் பார்த்தோம். வந்த வேலையை மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம்.

புத்தூர்க்காரருடைய கலியாணம் பச்சைதான். அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சத்தம்! ஐயர் மந்திரம் சொல்வது, பின்னால் இரண்டு பெண்கள் மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிக் கதைப்பது, குத்துவிளக்குத் திரி சடசடப்பது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதுக்குள் வந்து விழுந்தது. மைக்கை நூலில் கட்டிப் பந்தலில் இருந்து தொங்கவிட்டிருக்கிறார் மனிதர். ஏழு வருடம் பச்சை பச்சை என்று நான் சிரித்தேனே, ஒருநாள் காதைத் திறந்தேனா?

"தொடங்க முந்தி ஒரு வெள்ளை வேட்டியைக் கமராவுக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு அந்தச் சின்னப் பட்டனை அமத்தும். பச்சை போகும்," என்றேன்.

"அட விசர் மனுசா, உதை ஏழு வருசத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாமெல்லே!"

"நீர் கேட்டனீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். புத்தூர்க்காரரின் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தோம், அதற்கடுத்த ஞாயிறும். யாரும் சொல்லாமலே சாமான்கள் கைமாறத் தொடங்கின. சுன்னாகத்தாரின் கமரா பழுதானபோது அச்சுவேலிக்காரர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். என்னிடம் இருந்த லைற்றுக்குத் திடீரென்று பல்ப் எரியாத நோய் போய்விட்டது. சங்கம் தொடங்குவோம் என்று ஒருவர் சொல்லப்போய், தலைவர் ஆர் என்று ஒரு மணித்தியாலம் சண்டைபிடித்து, பெயரும் தலைவரும் இல்லாமலே விட்டுவிட்டோம். ஒரு சட்டம் மட்டும் போட்டோம்: லேபலில் முழுப் பெயர் எழுத வேண்டும், பிளாஸ்ரர் ஒட்டுவதற்கு முன் அந்தக் கசெற்றை வேறு இரண்டு பேர் போட்டுப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, சனத்தோடு சனமாக நாங்களும் வீடுகளை விட்டு வெளிக்கிடும்வரை அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. எங்களுக்குள் இப்படி ஒன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் முகம் கிடைக்கவில்லை. கார் கிடைத்தது, கை கிடைத்தது, முதுகு, தோள், பாதிக் காது கிடைத்தது. மாப்பிள்ளை இறங்கியதும் நாங்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தோம். எத்தனை கலியாணம்! அந்த மனிதரை நோக்கி ஒரு கமராவாவது ஒரு விநாடி திரும்பியிருக்கக் கூடாதா? ஐந்தாவது ஞாயிறு கடைசிக் கசெற்றும் முடிந்தது. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

புத்தூர்க்காரர் எழும்பி வீட்டுக்குள் போனார். கையில் ஒரு திறப்போடு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு. என்னுடையது இல்லை. கேக்காமல் போட்டுப் பாக்கலாமோ எண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சனான்."

உள் அறையில் ஒரு பெரிய றங்குப்பெட்டி. திறந்தார். வாய்வரைக்கும் கசெற். ஒவ்வொன்றிலும் அழகான சரிந்த கையெழுத்தில் முழுப் பெயர், ஊர், திகதி. அந்தக் கையெழுத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணம் ரவுணில் கடை வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணரின் கையெழுத்து. எங்களுக்குள் ஆகச் சிறந்த கமராக்காரர் அவர்தான். அதை நாங்கள் முகத்துக்கு முன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இயக்கம் ஒரு சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது அவரும் போனார்.

"அண்டைக்கு ஒரு அலுவலா நான் ரவுணிலை நிண்டனான்," என்றார் புத்தூர்க்காரர். "சனம் வரிசையாப் போகுது. இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாறார். என்னைக் கண்டிட்டு, கடைத்திறப்பை என்ரை பொக்கற்றுக்கை போட்டிட்டு, கசெற்றுகளைப் பாத்துக்கொள்ளும் எண்டார். அவ்வளவுதான் கதைச்சது. பேந்து நான் போக, கடையை உடைச்சு எல்லாம் கொண்டுபோயிட்டாங்கள். கசெற்றுகள் நிலத்திலை கொட்டிக் கிடந்தது. மூண்டு தரம் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வந்தனான்."

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பல் உடைந்தபடி இருந்தது. ஒன்றிலும் பிளாஸ்ரர் இல்லை. மூன்று வருடம்! கசெற் இல்லை கசெற் இல்லை என்று கலியாணங்களைத் திருப்பி அனுப்பிய மனிதரின் வீட்டுக்குள் ஒரு பெட்டி நிறையக் கசெற் இருந்திருக்கிறது. அதில் ஒன்றை எடுத்திருந்தால் கேட்பதற்கு நாதியில்லை. ஏழு வருடம் இந்த மனிதரைக் கண்டால் கோயில் பக்கம் திரும்பியவன் நான். கும்பிட்டது ஒருவகையில் சரிதான், திசைதான் பிழை. எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, தூசு கூடிப்போச்சு என்று ஏதோ உளறினேன்.

"பாக்கிறது அழிக்கிறது இல்லைத்தானே," என்றேன் பிறகு.

அவர் யோசித்தார். பிளாஸ்ரர் சுருளை எடுத்து, என் டெக்கில் பதிகிற பட்டன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். "இப்பப் போடும்," என்றார்.

நாலாவது கசெற்றில் காரைக் கண்டோம். கசெற்றைச் சுற்றிக்கொண்டு போக, திரையில் முழுசாக ஒரு முகம் எங்களைப் பார்த்தது. "நிப்பாட்டும்!" என்று இரண்டு மூன்று பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அவ வந்து முதலில் பார்க்கட்டும் என்று அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்பிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு காலை மூத்த மகள் தாயைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்கு வந்தாள். ஸ்ரூடியோவும் வைத்திருந்த கோண்டாவில்காரர், கடைசியாக மிஞ்சிய பிலிம் போட்ட கமராவை முக்காலியில் வைத்து ரீவிக்கு நேரே நிறுத்தியிருந்தார். முகத்தை நிறுத்திப் படம் பிடித்துக் கழுவிக் கொடுப்பதாக ஏற்பாடு. அவளுக்கு முன்வரிசையில் கதிரை போட்டோம். நாங்கள் பின்னால் சுவரோடு நின்றோம். புத்தூர்க்காரர் கசெற்றை ஓடவிட்டார்.

ஏதோ ஒரு கலியாண வளவு. கார் நிற்கிறது. அவர் சால்வையால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து கமராவைப் பார்க்கிறார்.

"இவர் இவ்வளவு கட்டையே?" என்றாள் அவள்.

மகள் சிரித்துவிட்டாள். "ஓம் அம்மா, அப்பா கட்டைதானே."

"நான் நெட்டையா நினைச்சு வைச்சிருந்தனான்," என்று சொல்லிக்கொண்டே கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள். "பல்லைப் பார், பல்லை. அந்த முன்பல்லு. எப்பிடி மறந்தனான்? ஐயோ, எப்பிடி மறந்தனான்?"

திரையில் அவர் வெட்கத்தோடு சால்வையை உதறினார். "என்னை என்னத்துக்குக் காக்கா எடுக்கிறியள்? மாப்பிள்ளை உள்ளுக்கையெல்லே?"

கமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் பதில் சொன்னது. "பற்றறி பாக்கிறன். நாங்கள் எந்த நாளும் உங்கடை கையைத்தானே எடுக்கிறம். முகமும் ஒருக்கா இருக்கட்டும்."

மூன்று வருடத்துக்குப் பிறகு காக்காவின் குரல். நாங்கள் அத்தனை பேரும் காணாததை அவர் ஒருவர் அன்றைக்கே கண்டிருக்கிறார். புத்தூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கெதியா முடியுங்கோ காக்கா," என்றார் திரையில் இருந்தவர். "வீட்டை மனுசி பாத்துக்கொண்டிருக்கும்."

"ஓம்," என்றாள் அவள், ரீவியைப் பார்த்து. "பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"எங்கடை வீட்டிலையும் அப்பிடித்தான்," என்றது பின்னால் இருந்த குரல். "எப்பன் பொறுங்கோ, ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்."

அதோடு காட்சி மாறி, பந்தலுக்குள் மேளம் கேட்டது. கோண்டாவில்காரர் முகத்துக்குத் திருப்பி நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தார். அவர் எடுத்து முடியும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கதைச்ச மற்றவர் ஆர், அண்ணை? அவர் வீட்டை போய்ச் சேந்தவரோ?"

புத்தூர்க்காரர்தான் முகத்தில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தக் கலியாணத்தண்டைக்குப் போய்ச் சேந்தவர், தங்கச்சி."

அவள் தலையை ஆட்டினாள்.

"இவரும் அண்டைக்கு வீட்டை வந்தவர்," என்றாள்.